எனக்கு ஓட்டிசமா, இல்லை நான் இப்படித்தானா? திருமலையிலிருந்து ஒரு கேள்வி பதில்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டொக்டர் இல்லை. திருகோணமலையில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை, வயது 43. எனக்கு 36 வயதில் கொழும்பில் ஒரு மனநல வைத்தியர் ஓட்டிசம் (ஆட்டிசம் என்றும் சொல்வார்கள், ஆட்களோடு பழகுவதிலும் வழக்கங்களிலும் தெரிகிற, பிறந்ததிலிருந்தே கூட வருகிற ஒரு நிலை) என்று உறுதிப்படுத்தினார். அதற்கு முன்னும் பின்னும் இதைப் பற்றி வாசித்துத் தள்ளியதுதான் என்னுடைய ஒரே தகுதி. ஆட்களோடு கதைக்கப் பழகக் கஷ்டப்படுகிறவர்கள் கேளுங்கள் என்று போன கிழமை சொன்னேன். வந்ததில் பாதி ஒரே கேள்விதான், அவற்றைச் சேர்த்து எழுதியிருக்கிறேன்.

கேள்வி (உப்புவெளி, 29 வயது): அண்ணா, வாசலால் இறங்கினால் பக்கத்து வீட்டு அன்ரி "எங்க தம்பி போறீங்க" என்று கேட்பா. எந்தப் பார்மசி, என்ன மருந்து, எத்தனை நாளைக்கு என்று நான் சொல்லி முடிக்கும்போது அவ உள்ளே போயிருப்பா. கன்ரீனில் பகிடி விளங்கி நான் சிரிக்கும்போது மற்றவர்கள் அடுத்த கதைக்குப் போய்விடுவார்கள். எனக்கு ஓட்டிசமா?

பதில்: தம்பி, அந்த அன்ரி கேட்டது கேள்வியே இல்லை. "உன்னைக் கண்டுவிட்டேன்" என்று சொல்கிற முறை அது, "இந்தா, இதில கடைக்கு" என்றால் போதும். எனக்கு இது விளங்க 30 வயது தாண்டவேண்டியிருந்தது, அதனால் உங்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

ஆனால் இதை மட்டும் வைத்துக்கொண்டு ஓட்டிசம் என்று சொல்ல முடியாது. 2013 இல் வந்த டி.எஸ்.எம்-5 என்ற அமெரிக்க மனநலக் கையேட்டை வைத்துத்தான் பல வைத்தியர்கள் பார்க்கிறார்கள். அதில் இரண்டு பாதி இருக்கிறது. முதல் பாதி நீங்கள் சொன்னது: பேச்சில் கொடுக்கல் வாங்கல் சரியாக ஓடாதது, கண்ணாலும் முகத்தாலும் கையாலும் சொல்வதைப் பிடிக்கவோ காட்டவோ முடியாதது, உறவுகளை உண்டாக்கிப் பேணுவதில் சிக்கல். இந்த மூன்றும் இருக்கவேண்டும். எல்லாரும் இந்தப் பாதியோடு மட்டும்தான் என்னிடம் வருகிறார்கள், இரண்டாம் பாதியைக் கேட்டால் முழிக்கிறார்கள். அதில் நான்கு விஷயம்: ஒரே அசைவையோ சொல்லையோ திரும்பத் திரும்பச் செய்வது, வழக்கம் மாறினால் தாங்கமுடியாமல் போவது, ஒரு விஷயத்தில் அளவுக்கு மிஞ்சிய பற்று, சத்தம் வெளிச்சம் மணம் துணி போன்றவற்றில் மிகையான அல்லது மிகக் குறைந்த உணர்வு. இந்த நான்கில் குறைந்தது இரண்டு இருக்கவேண்டும். அதோடு இது சின்ன வயதிலிருந்தே இருந்திருக்கவேண்டும், அன்றாட வாழ்க்கையைப் பாதிக்கவும் வேண்டும்.

என்னுடையதைச் சொல்கிறேன். எங்கள் ஊர்ப் புள்ளிமான்கள் உங்களுக்குத் தெரியும்தானே, பிரெட்றிக் கோட்டைப் பக்கம் ரோட்டிலேயே நிற்கும். மற்றப் பிள்ளைகள் வாழைப்பழத் தோலைக் கொடுத்துவிட்டு விளையாடப் போய்விடுவார்கள். நான் எந்த ஆண் மான் எப்போது கொம்பு உதிர்த்தது, எதற்கு எந்தக் காதில் கிழிசல் என்று சி.ஆர். கொப்பியில் கோடு போட்டு எழுதினேன். ஒன்பது கொப்பி. அம்மா பிள்ளை படிக்கிறான் என்று நினைத்துக்கொண்டிருந்தா. சட்டைக் கழுத்து லேபலை வெட்டாமல் இன்றைக்கும் போடமாட்டேன், பஸ்ஸில் என்னுடைய சீற்றில் வேறு ஆள் இருந்தால் அன்றைய காலமை முழுக்கக் குழம்பிப்போகும். உங்களுக்கு இந்தப் பக்கம் எப்படி என்று வீட்டில் பெரியவர்களிடம் கேளுங்கள். ஒன்றும் இல்லை என்றால் ஓட்டிசமாக இருக்கும் வாய்ப்புக் குறைவு. அதற்காக உங்கள் கஷ்டம் பொய் என்று அர்த்தம் இல்லை.

கேள்வி (கிண்ணியா, மாணவி): இணையத்தில் 50 கேள்விப் பரீட்சை செய்தேன். 34 வந்தது. அப்ப உறுதிதானே அண்ணா?

பதில்: இல்லை தங்கச்சி. நீங்கள் செய்தது 2001 இல் கேம்பிரிட்ஜில் சைமன் பாரன்-கோஹன் என்கிற ஆய்வாளரின் குழு வெளியிட்ட ஏ.கியூ., ஓட்டிச இயல்பு எவ்வளவு என்று பார்க்கிற ஒரு கேள்வித்தாள். அந்த ஆய்வில் ஓட்டிசம் உள்ளவர்களில் சுமார் 80 வீதமானோர் 32 அல்லது அதற்கு மேல் எடுத்தார்கள், மற்றவர்களில் சுமார் 2 வீதம்தான். கேட்க நல்ல எண்ணிக்கைதான், ஆனால் பதற்றம் கூடியவர்களும் மனச்சோர்வு உள்ளவர்களும் இதில் உயர்ந்த புள்ளி எடுக்கலாம். வைத்தியரிடம் போகலாமா என்று யோசிக்க அது ஒரு காரணம், அவ்வளவுதான்.

இன்னொன்று, அந்தக் கேள்விகள் நம்முடைய ஊரை நினைத்து எழுதியவை இல்லை. பார்ட்டியா நூலகமா, நாடக அரங்கா அருங்காட்சியகமா என்று கேட்கும். வீட்டில் பார்ட்டிக்கு விடவேமாட்டார்கள் என்கிற பிள்ளை எதற்குப் புள்ளடி போடுவது? கண்ணைப் பார்க்கிற விஷயமும் அப்படித்தான். பெரியவர்கள் முன்னால் தலை குனிந்து நிற்பதை நாங்கள் மரியாதை என்று பழக்கிவிட்டு, பிறகு அதையே அறிகுறிப் பட்டியலில் தேடக்கூடாது. சின்னத் தம்பி தங்கச்சியோடும் கூட்டாளிகளோடும் கதைக்கும்போது உங்கள் கண் எங்கே போகிறது என்று பாருங்கள், விஷயம் அங்கேதான் தெரியும்.

கேள்வி (பெயர் வேண்டாம்): வெறும் கூச்சத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

பதில்: கூச்சக்காரருக்கு என்ன சொல்லவேண்டும் என்று தெரியும், பயத்தில் வாய் வராது. எனக்குப் பயமே இருக்காது, என்ன சொல்லவேண்டும் என்றுதான் தெரியாது. பிழையாகச் சொல்லிப் பல தடவை அடிபட்ட பிறகு பயமும் வந்து ஒட்டிக்கொள்ளும், அதனால் இரண்டும் ஒரே ஆளில் இருக்கலாம்.

கேள்வி (மூதூர்): 2006 இல் நாங்கள் இடம்பெயர்ந்தபோது எனக்கு 9 வயது. அதற்குப் பிறகு நான் ஆட்களோடு சேர்வதில்லை, கதவு அடித்துச் சாத்தினாலே உடம்பு தூக்கிப்போடும், கூட்டம் என்றால் வெளியே போகிற வழியைத்தான் முதலில் பார்ப்பேன். ஒரு கூட்டாளி ஓட்டிசம் என்கிறான்.

பதில்: உங்கள் கேள்வியிலேயே "அதற்குப் பிறகு" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்தான் முக்கியம். ஓட்டிசத்துக்கு முன், பின் கிடையாது, பிறந்ததிலிருந்து கூடவே வருவது. 9 வயதுக்கு முதல் நீங்கள் எப்படி என்று அம்மாவிடமோ மாமிமாரிடமோ கேளுங்கள். தெருவெல்லாம் ஓடித்திரிந்த பிள்ளை என்றால், இது கண்டதும் கேட்டதும் உடம்பில் தங்கியதாகத்தான் எனக்குப் படுகிறது. சத்தத்துக்குத் திடுக்கிடுவதும் ஒதுங்குவதும் இரண்டிலும் ஒரே மாதிரித் தெரியும், வைத்தியம் வேறு வேறு. அதிர்ச்சிக்குப் பிந்திய மன நெருக்கீட்டுக்கு நன்றாகப் பலன் தருகிற சிகிச்சைகள் இருக்கின்றன. எங்கள் மாகாணத்தில் யுத்தமும் 2004 கடலும் தொடாத வீடு குறைவு, ஆகவே இந்தக் கேள்வியைத் தாண்டி யாரும் ஓட்டிசத்துக்குப் போகக்கூடாது என்பேன். போகிற வழியில் காதையும் ஒருக்கால் சோதித்துக்கொள்ளுங்கள். ஒரு காது மந்தமாக இருந்தே "கூப்பிட்டால் திரும்பாதவர்" என்று பெயர் வாங்கியவரை எனக்குத் தெரியும்.

கேள்வி (நிலாவெளி, ஒரு மனைவி): என்ர அவர் நல்ல மனுசன். ஆனால் நான் அழுதால் பக்கத்தில் இருக்கமாட்டார், பிரச்சினைக்கு மூன்று வழி சொல்லிவிட்டுப் போய்விடுவார். சொதியைச் சோற்றில் ஊற்றக்கூடாது, தனிக் கோப்பையில்தான். பத்திரகாளி அம்மன் கோயில் மேளத்துக்குக் காதைப் பொத்துவார். இவருக்கு ஓட்டிசம் என்று எப்படிச் சொல்வது?

பதில்: சொல்லாதீர்கள் அக்கா. இருக்கலாம், ஆனால் சண்டைக்கு நடுவில் அந்தச் சொல்லை எறிந்தால் அது வசவாகத்தான் விழும்.

நான் உங்கள் அவர் இருக்கிற பக்கத்து ஆள், அதனால் உள்ளே நடப்பதைச் சொல்கிறேன். மனைவி அழும்போது எனக்கு நெஞ்சு இறுகும், அந்த இறுக்கத்துக்குப் பெயர் தெரியாது, கை தானாக ஏதாவது திருத்தத் தேடும். ஒருநாள் அவ அழ அழ நான் குசினி பைப்பின் வாசர் மாற்றினேன். பாசம் இல்லாமல் இல்லை, என்னுடைய பாசை அதுதான். டேமியன் மில்டன் என்கிற, தானும் ஓட்டிசம் உள்ள பிரித்தானிய ஆய்வாளர் 2012 இல் எழுதியது இதைத்தான்: விளங்கிக்கொள்ளாமை ஒரு பக்கத்துக் குறை இல்லை, இரண்டு பக்கமும் மற்றவரைப் பிழையாக வாசிக்கிறது. நீங்கள் அவரை வாசிக்கத் தவறுகிற இடமும் இருக்கும் அக்கா, கோபிக்கவேண்டாம். "இப்ப வழி சொல்லவேண்டாம், பத்து நிமிசம் பக்கத்தில் இருங்கோ" என்று நேராகச் சொல்லிப் பாருங்கள். பத்து நிமிசம் என்று எண்ணிக்கையோடு சொன்னால் இன்னும் நல்லது, நாங்கள் மணிக்கூட்டைப் பார்த்து இருப்போம்.

கேள்வி (ஆசிரியை, 34 வயது): எல்லாரோடும் நன்றாகக் கதைக்கிறேன் என்றுதான் பெயர். ஆனால் கலியாண வீட்டுக்குப் போகமுதல் ஓட்டோவிலேயே வசனம் பாடமாக்குவேன், திரும்பி வந்தால் இரண்டு நாள் எழும்பமுடியாது. இப்படியும் இருக்குமா?

பதில்: இருக்கும், டீச்சர். இதை மறைத்து நடித்தல் என்கிறார்கள். 2018 இல் இதை அளக்கவே 25 வாக்கியங்கள் கொண்ட ஒரு பரீட்சை வந்தது. பெண்பிள்ளைகளைச் சின்னதிலிருந்தே "சிரி, வணக்கம் சொல்லு, முகத்தைப் பார்" என்று பழக்குகிறோம், அதனால் வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளே களைத்துப்போகிறார்கள். தேவை கூடும்வரை அறிகுறி முழுதாக வெளிப்படாமல் இருக்கலாம் என்று டி.எஸ்.எம்-5 இலேயே இருக்கிறது. "உன்னைப் பார்த்தால் அப்படித் தெரியல்லையே" என்று ஒரு வைத்தியர் இரண்டு நிமிசத்தில் அனுப்பினால், இன்னொருவரிடம் போங்கள்.

கேள்வி: சின்னதில் போட்ட தடுப்பூசியால் வந்ததா?

பதில்: இல்லை. அப்படிச் சொன்ன 1998 கட்டுரையை வெளியிட்ட சஞ்சிகையே 2010 இல் திரும்பப் பெற்றுவிட்டது. பிள்ளைகளுக்கு ஊசி போடுங்கள்.

கேள்வி (பலர்): எங்கே போவது? மருந்து இருக்கா? தெரிந்து என்ன பிரயோசனம்?

பதில்: அரசாங்க ஆஸ்பத்திரி மனநல கிளினிக்கில் தொடங்குங்கள், காசு இல்லை. அங்கே போவதை ஊர் பார்க்கும் என்ற பயம் எனக்கும் இருந்தது, தொப்பி போட்டுக்கொண்டு போனேன், தொப்பியைப் பார்த்தே மூன்று பேர் கதைத்தார்கள். நம் நாட்டில் ஓட்டிச சேவைகள் பெரும்பாலும் பிள்ளைகளை நோக்கியவை, வளர்ந்தவர் கேட்டால் முதலில் முழிக்கலாம். ஆகவே வெறுங்கையோடு போகாதீர்கள். உங்களைச் சின்னதில் வளர்த்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், பழைய தவணை அறிக்கைகள் இருந்தால் எடுங்கள். என்னுடைய மூன்றாம் வகுப்பு ரீச்சர் "கெட்டிக்காரன், இடைவேளையில் தனியே நிற்கிறான்" என்று எழுதியிருந்ததை வைத்தியர் இரண்டு தரம் வாசித்தார். "ஆட்களோடு கஷ்டம்" என்று பொதுவாகச் சொல்லாமல் நடந்த சம்பவங்களைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள், தமிழில் கதைக்கக்கூடிய வைத்தியர்தான் வேண்டும் என்று கேளுங்கள். மனம் மிகவும் இருண்டுபோனால் 1926 என்ற தேசிய மனநல இலக்கத்துக்கு அழையுங்கள், இதற்கெல்லாம் காத்திருக்கவேண்டாம்.

ஓட்டிசத்தை மாற்றுகிற மருந்து கிடையாது. கூட வருகிற பதற்றம், நித்திரையின்மை, மனச்சோர்வுக்கு இருக்கிறது. பிரயோசனம் என்றால், எனக்குக் கிடைத்தது சின்னது. இப்போது வேலையில் யாராவது வாயால் ஐந்து விஷயம் சொன்னால் "எழுதி அனுப்புங்கோ" என்று வெட்கமில்லாமல் கேட்கிறேன். முந்தி எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு மேசைக்கு வந்து, முதலாவதும் கடைசியும் மட்டும் நினைவில் நிற்க, நடுவில் இருந்ததை ஊகித்துச் செய்து ஏச்சு வாங்குவேன். வாழ்க்கை ஓடுகிறது, ஒன்றும் முட்டவில்லை என்றால் நீங்கள் கிளினிக்குக்குப் போகத் தேவையே இல்லை.

வேலை நேர்முகத்தேர்வு பற்றிக் கேட்ட நான்கு பேருக்கும் வெள்ளிக்கிழமை தனியே எழுதுகிறேன், அது நீளம்.