சொந்த வாகனத்தில் எல்லை கடக்கும்போது உதிரி பாகங்களையும் கூடுதல் பொருட்களையும் சுங்கத்தில் எப்படிக் காட்டுவது?

கேள்வி கேட்டவர் தன் வாகனத்திலேயே சில நாடுகளைக் கடந்து போகப்போகிறார். டயர், பெல்ட், ஆயில், கேனில் டீசல், மாத்திரைகள், உணவுப் பொருட்கள் என்று எல்லாவற்றிலும் கொஞ்சம் கூடுதலாக எடுத்துவைத்திருக்கிறார். இவற்றுக்குத் தீர்வை கட்டச் சொல்வார்களா, எதையாவது பறிமுதல் செய்வார்களா என்பது அவருடைய கவலை. சொந்த வண்டியில் பல எல்லைகளைக் கடந்தவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

சுங்க அதிகாரி உங்கள் வண்டியின் பின்கதவைத் திறந்ததும் அவர் மனத்தில் எழுவது ஒரே கேள்விதான். இந்தப் பொருள் இவரோடு வெளியே போய்விடுமா, இல்லை இங்கேயே தங்கிவிடுமா? வெளியே போய்விடும் என்று நம்பினால் விட்டுவிடுவார். தங்கிவிடும் என்று சந்தேகித்தால் அது அவருக்கு இறக்குமதிச் சரக்கு, தீர்வை கேட்பார். எதை எடுப்பது, எப்படி அடுக்குவது, எந்தக் காகிதத்தை வைத்துக்கொள்வது என்று முடிவெடுக்கும்போதெல்லாம் இந்தக் கேள்வியை நினைத்துக்கொள்ளுங்கள். பாதிக் குழப்பம் அப்போதே தீர்ந்துவிடும்.

உதிரி பாகங்களைப் பொறுத்தவரை சட்டம் பயணிக்குச் சாதகமாகவே இருக்கிறது. தனியார் வாகனங்களைத் தற்காலிகமாக ஒரு நாட்டுக்குள் கொண்டுவருவது பற்றிய சர்வதேச ஒப்பந்தம் 1954 ஜூன் 4 அன்று நியூயார்க்கில் உருவானது; 1957இல் நடைமுறைக்கு வந்தது. அதில் 'வாகனம்' என்பதற்குள்ளேயே, வாகனத்தோடு சேர்ந்து வரும் பாகங்களும் வழக்கமான துணைக்கருவிகளும் அடங்கிவிடுகின்றன. 'வழக்கமான' என்ற சொல்தான் முக்கியம். ஒரு ஸ்டெப்னி வழக்கமானது. கரடுமுரடான பாதையில் நெடுந்தூரம் போகிறவர் இரண்டு வைத்திருந்தால் அதற்கும் விளக்கம் சொல்ல முடியும். தாள் கூடப் பிரிக்காத எட்டு புது டயர்களைக் கூரையில் ஏற்றிக்கொண்டு போனால், எந்த விளக்கமும் எடுபடாது. அளவும் பார்ப்பார்கள். ஸ்டெப்னி உங்கள் வண்டிச் சக்கரத்தின் அளவிலேயே இருக்க வேண்டும். வேறு அளவில் இருந்தால் அது யாருக்கோ கொண்டுபோகும் டயர்தான்.

நான் யாரிடமும் முதலில் சொல்லும் யோசனை இது: புதுப் பாகங்களைப் பெட்டியோடு எடுத்துக்கொண்டு போகாதீர்கள். கிளம்புவதற்குச் சில வாரங்களுக்கு முன்பே புது ஃபேன் பெல்ட்டை வண்டியில் மாட்டிவிடுங்கள். கழற்றிய பெல்ட் இன்னும் உழைக்கும் நிலையில் இருந்தால் அதையே உதிரியாக வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் பம்ப், ரேடியேட்டர் ஹோஸ், கிளட்ச் கேபிள், எரிபொருள் பம்ப் எல்லாவற்றுக்கும் இதையே செய்யலாம். இதில் மூன்று நன்மைகள் இருக்கின்றன. பழைய பாகம் உங்கள் வண்டிக்குச் சரியாகப் பொருந்தும் என்பது ஏற்கெனவே தெரிந்த விஷயம். கடைக்காரர் மாற்றித் தந்த அளவு நடுக்காட்டில்தான் தெரியவரும் என்ற பயம் இல்லை. புதுப் பாகத்தில் தயாரிப்புக் குறை இருந்தால் வீட்டுப் பக்கத்திலேயே தெரிந்துவிடும். மூன்றாவது, சுங்க மேசையில் கிரீஸ் கறையோடு இருக்கும் பாகத்தைப் பார்த்து யாரும் விற்பனைச் சரக்கு என்று சொல்ல மாட்டார்கள். பிரேக் பேட், ஃபில்டர் போன்ற தேய்ந்து தீரும் பொருட்களுக்கு இது ஒத்துவராது. அவற்றைப் புதிதாகத்தான் எடுத்தாக வேண்டும். ஒரு முறை மாற்றத் தேவையான அளவு போதும். வாங்கிய ரசீதையும் கூடவே வையுங்கள். விலை என்ன என்ற கேள்வி வந்தால் அதிகாரி தன் மனக்கணக்கில் ஒரு தொகை போடாமல் இருக்க அது உதவும்.

சில நாடுகளுக்குள் வண்டி நுழைய 'கார்னே டி பாசாஜ்' என்ற சுங்க ஏடு தேவைப்படும். ஆட்டோமொபைல் சங்கங்கள் பிணைத்தொகையோ வங்கி உத்தரவாதமோ பெற்றுக்கொண்டு இதைத் தருகின்றன. செல்லுபடியாகும் காலம் பொதுவாக ஓராண்டு. நீங்கள் வண்டியை வெளியே கொண்டுபோகாவிட்டால் தீர்வைக்கு அந்தச் சங்கம் பொறுப்பு. சங்கத்துக்கு உங்கள் பிணைத்தொகை பொறுப்பு. பலர் கவனிக்காத ஒன்று, இந்த ஏட்டில் எஞ்சின் எண், சேசிஸ் எண், நிறம், இருக்கைகளின் எண்ணிக்கை ஆகியவற்றோடு உதிரி டயர்கள் எத்தனை என்பதற்கும் ஒரு கட்டம் இருக்கிறது. மற்ற விவரங்களுக்கும் இடம் உண்டு. விண்ணப்பிக்கும்போதே அந்தக் கட்டத்தை உண்மைக்குப் பொருந்த நிரப்பச் சொல்லுங்கள். இரண்டு என்று எழுதிவிட்டு ஒன்றோடு வெளியேறினால் இன்னொன்று எங்கே என்று கேட்க அதிகாரிக்கு முழு உரிமை இருக்கிறது. அதனால்தான் வெடித்துப்போன டயரைக்கூட எல்லை தாண்டும்வரை நான் தூக்கி எறிவதில்லை.

டயருக்கு மட்டுமல்ல, வழியில் மாற்றும் எந்தப் பாகத்துக்கும் இந்தப் பழக்கம் நல்லது. வண்டி ஏதோ ஒரு நாட்டில் நின்றுவிடுகிறது, வேண்டிய பாகம் அங்கே கிடைக்கவில்லை, வெளிநாட்டிலிருந்து கூரியரில் வரவழைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தற்காலிகமாக உள்ளே வந்திருக்கும் குறிப்பிட்ட ஒரு வாகனத்தைப் பழுதுபார்ப்பதற்காக வரும் பாகத்தைத் தீர்வையில்லாமல் தற்காலிகமாக அனுமதிக்கலாம் என்று 1954 ஒப்பந்தத்தின் 4ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் கழற்றிய பழைய பாகத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டும். அதை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோகலாம், அரசிடம் ஒப்படைத்துவிடலாம், அல்லது அதிகாரிகளின் மேற்பார்வையில் அழித்துவிடலாம். மூன்றும் இல்லையென்றால் அந்தப் பழைய இரும்புக்குத் தீர்வை கேட்க முடியும். ஆகவே மெக்கானிக் "இதை இங்கேயே போட்டுவிட்டுப் போங்கள்" என்று அன்போடு சொன்னாலும், சாக்கில் கட்டி வண்டியில் ஏற்றிக்கொள்ளுங்கள். பார்சலோடு வரும் ரசீதில் உங்கள் வண்டியின் சேசிஸ் எண்ணை அச்சிட்டு அனுப்பும்படி விற்பவரிடம் கேளுங்கள். பாகத்தையும் வண்டியையும் இணைக்கும் அந்த ஒரு வரி, சுங்க அலுவலகத்தில் உங்கள் நாள்களை மிச்சப்படுத்தும். எல்லா நாடுகளும் இந்த ஒப்பந்தத்தில் சேரவில்லை என்பதால் பாகத்தை வரவழைக்கும் முன்பே உள்ளூர் சுங்க அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது அவசியம்.

எரிபொருள் விஷயத்தில் மனக்கணக்கு உதவாது. விதியைத் தேடிப் படித்தே தீர வேண்டும். வண்டியின் வழக்கமான தொட்டியில் இருப்பதற்குத் தீர்வை இல்லை என்பது அதே ஒப்பந்தத்தில் இருக்கிறது. கேனில் இருப்பது வேறு கதை. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளியிலிருந்து நுழையும் தனியார் வாகனம் தீர்வையின்றிக் கேனில் கொண்டுவரக்கூடியது 10 லிட்டர் மட்டுமே. அதே ஐரோப்பாவில் ஆபத்தான சரக்குகளைச் சாலையில் கொண்டுசெல்லும் விதிகளைப் பார்த்தால், தனிநபர் ஒரு கலத்தில் 60 லிட்டர் வரை, ஒரு வாகனத்தில் மொத்தம் 240 லிட்டர் வரை எடுத்துச்செல்லலாம். இரண்டாவதை மட்டும் படித்துவிட்டு எல்லைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அது தீப்பற்றாமல் இருப்பதற்கான வரம்பு. முதலாவது வரிக்கான வரம்பு. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. இன்னொரு நுணுக்கமும் உண்டு. அங்கே 'வழக்கமான தொட்டி' என்றால் அந்த வகை வண்டிகள் எல்லாவற்றிலும் தயாரிப்பாளர் நிரந்தரமாகப் பொருத்தியது என்று பொருள். நீங்கள் பட்டறையில் பொருத்திக்கொண்ட கூடுதல் தொட்டி அந்த வரையறைக்குள் வராமல் போகலாம்.

எரிபொருள் உள்ளே வருவதில் மட்டும் கட்டுப்பாடு இருக்கும் என்று நினைக்க வேண்டாம். சிங்கப்பூரில் பதிவான கார் மலேசியாவுக்குள் போகும்போது தொட்டியில் முக்கால் பங்காவது எரிபொருள் இருக்க வேண்டும் என்பது சிங்கப்பூரின் விதி. பக்கத்து நாட்டில் விலை மலிவு என்றால் கேனோடு நிற்கும் வண்டிக்குக் கேள்விகள் கூடத்தான் செய்யும். காலிக் கேனோடு எல்லையைக் கடந்து, மறுபக்கம் முதல் பெட்ரோல் பங்கில் நிரப்பிக்கொள்வதுதான் என் வழக்கம். வழியில் கப்பல் பயணம் இருந்தால் இது இன்னும் முக்கியம். நிரப்பிய கேனைப் பெரும்பாலான வாகனக் கப்பல்கள் ஏற்றுவதில்லை. எஞ்சின் ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில் ஆகியவற்றில் சீல் பிரிக்காத ஒரு டப்பா வீதம் இருந்தால் யாரும் கண்டுகொள்வதில்லை. பெயர் ஒட்டாத பாட்டிலில் ஊற்றிவைத்தால் மட்டுமே தொல்லை.

மாத்திரைகளைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் மற்றவற்றில் தவறினால் பணம் போகும். இதில் தவறினால் சிறைக்குப் போக நேரிடலாம். ஒரு நாட்டில் இருமல் மருந்தாகவும் வலி மாத்திரையாகவும் சாதாரணமாக வாங்குவது இன்னொரு நாட்டில் போதைப்பொருள் பட்டியலில் இருக்கும். கோடீன், டிரமடால், டயஸெபாம், கவனக் குறைபாட்டுக்குத் தரும் மெத்தில்ஃபெனிடேட் ஆகிய நான்கு பெயர்களையாவது உங்கள் மருந்துப் பெட்டியில் தேடிப் பாருங்கள். கூட்டு மருந்துகளில் இவை சிறிய எழுத்தில்தான் இருக்கும். ஐக்கிய அரபு அமீரகம் இத்தகைய கட்டுப்பாட்டு மருந்துகளுக்கு முன்கூட்டியே அனுமதி கேட்கிறது. எகிப்து டிரமடாலில் மிகக் கண்டிப்பானது. தங்களுக்குள் எல்லைச் சோதனையை நீக்கிக்கொண்ட ஐரோப்பிய நாடுகளான ஷெங்கன் நாடுகளில் வசிப்பவர் அவற்றுக்குள்ளேயே இன்னொரு நாட்டுக்குப் போகும்போதுகூட இத்தகைய மருந்துக்கு அரசு ஒப்பமிட்ட சான்று வேண்டும். அது 30 நாள்களுக்குத்தான் செல்லும். வியன்னாவில் இயங்கும் சர்வதேச போதைப்பொருள் கட்டுப்பாட்டு வாரியம், பயணிகளுக்கான விதிகளை நாடுவாரியாகத் தன் இணையதளத்தில் தொகுத்திருக்கிறது. உங்கள் பாதையில் உள்ள ஒவ்வொரு நாட்டையும் அதில் பாருங்கள்.

மாத்திரை அட்டைகளை வெட்டிச் சிறு டப்பாவில் போடாதீர்கள். மருந்துக் கடை தந்த உறையிலேயே இருக்கட்டும். மருத்துவரின் சீட்டில் வணிகப் பெயரோடு வேதிப் பெயரும், உங்கள் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியும் இருக்க வேண்டும். 'கூடுதல்' என்று நீங்கள் எடுக்கும் அளவும் அந்தச் சீட்டின் கணக்குக்குள் வர வேண்டும்: பயண நாள்களோடு தாமதத்துக்காக இரண்டு வாரம் சேர்த்து எழுதித் தரச் சொன்னால் மருத்துவர்கள் மறுப்பதில்லை. குடும்பத்தில் ஒருவருடைய மருந்தை இன்னொருவர் பையில் வைக்காதீர்கள்.

உணவுப் பொருளைத் தடுப்பது வரிக்காக இல்லை, நோய்க்காக. ஆகவே "கொஞ்சம்தான் இருக்கிறது" என்ற வாதம் அங்கே செல்லாது. ஒன்றியத்துக்கு வெளியே உள்ள பெரும்பாலான நாடுகளிலிருந்து இறைச்சியையும் பால் பொருட்களையும் பயணிகள் கொண்டுவருவதை ஐரோப்பிய ஒன்றியம் தடுக்கிறது. குழந்தைகளுக்கான பால் பவுடர் போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. சிலி நாட்டு எல்லையில் பழம், விதை, தேன் எல்லாவற்றையும் அறிவித்தாக வேண்டும். அமெரிக்காவில் எந்த உணவுப் பொருளையும் அறிவித்துவிட்டால், அனுமதி இல்லாததை எடுத்துக்கொள்வதோடு முடிந்துவிடும். அறிவிக்காமல் விட்டால் அபராதம் உண்டு. எல்லையை நெருங்கும் நாளில் சமைத்துத் தீர்த்துவிடுவதே நல்லது. விறகையும் மறக்காதீர்கள், மரப்பூச்சிக்குப் பயந்து பல நாடுகள் அதைத் தடுக்கின்றன. வண்டியின் அடியில் ஒட்டிய சேற்றையும் அதே காரணத்துக்காகக் கழுவச் சொல்வார்கள்.

வீட்டிலேயே விட்டுவிட வேண்டியவை சில. அனுமதியில்லாத சாட்டிலைட் போன் இந்தியாவில் கைதுவரை கொண்டுபோகும். மொராக்கோ எல்லையில் டிரோனைப் பறித்துவைத்துக்கொள்வார்கள். மெக்சிகோவுக்குள் ஒரே ஒரு துப்பாக்கிக் குண்டு இருந்தாலும் கடுமையான குற்றம். வேட்டைக்குப் போகும் நண்பரிடம் இரவல் வாங்கிய பை என்றால் ஒவ்வொரு அறையையும் உதறிப் பாருங்கள். மிளகு ஸ்பிரே, வாக்கி டாக்கி ஆகியவற்றையும் நாட்டுக்கு நாடு சரிபார்க்க வேண்டும்.

இனி மேசையில் நடப்பது. எல்லாவற்றையும் ஒரே பட்டியலாகத் தட்டச்சு செய்யுங்கள்: பொருள், எண்ணிக்கை, பழையதா புதியதா, உத்தேச மதிப்பு. மேலே வண்டியின் பதிவு எண்ணும் சேசிஸ் எண்ணும் இருக்கட்டும். நான்கைந்து நகல்கள் எடுத்துக்கொள்ளுங்கள். கேட்பதற்கு முன்பே ஒன்றை நீட்டினால் பேச்சின் தொனியே மாறிவிடும். மறைக்க ஏதும் இல்லாதவர் என்று முதல் நிமிடத்திலேயே அதிகாரிக்குப் புரிகிறது. அறிவிக்க ஏதும் இல்லாதவருக்குப் பச்சை வழி, இருப்பவருக்குச் சிவப்பு வழி என்று இரண்டு இருந்து உங்களுக்குச் சிறு சந்தேகம் இருந்தாலும் சிவப்பில் போங்கள். அங்கே கேட்டுத் தெரிந்துகொள்வது இலவசம். பச்சையில் பிடிபட்டால் தெரியாது என்று சொல்வதை யாரும் ஏற்க வேண்டியதில்லை. உதிரி பாகங்களை ஒரே பெட்டியில், பட்டியலில் உள்ள வரிசையிலேயே அடுக்குங்கள். மூட்டைகளுக்கு நடுவே அங்கங்கே செருகிய பாகம், நல்ல எண்ணத்தோடு செருகியதாக இருந்தாலும், ஒளித்துவைத்ததாகவே தெரியும்.

வெளியேறும்போது அவசரப்படாதீர்கள். கார்னே ஏட்டில் உள்ளே வந்ததற்கு ஒரு முத்திரையும் வெளியே போனதற்கு ஒரு முத்திரையும் விழ வேண்டும். இரண்டாவது இல்லாவிட்டால் வண்டி இன்னும் அந்த நாட்டிலேயே இருப்பதாகத்தான் கணக்கு, பிணைத்தொகையும் திரும்பாது. குடிவரவு முத்திரை வாங்கியதும் வண்டியை எடுத்துவிடாமல் சுங்க அறைக்குப் போய், வெளியேறும் முத்திரை சரியான பக்கத்தில், தேதி தெளிவாகத் தெரியும்படி விழுந்திருக்கிறதா என்று அங்கேயே நின்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.