மலைக்குள் ஒரு தலைநகரம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

வெள்ளவத்தையில் ஞாயிறு பின்னேரங்களில் பகடையும் வரைபடமுமாக மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கதாபாத்திரமாகக் கற்பனைக் கதை ஆடத் தொடங்கிப் பன்னிரண்டு வருடங்கள் ஆகின்றன. அன்று முதல் என்னிடம் அதிகம் வருவது மலைக்குள் இருக்கும் ட்வார்ஃப் (கற்பனைக் கதைகளில் மலையைக் குடைந்து வாழும் குட்டை இனத்தார்) தலைநகரம் பற்றிய கேள்விதான். இந்த முறை வந்தவற்றில் ஏழுக்குப் பதில் எழுதுகிறேன்.

அக்கா, என் தலைநகரத்தில் எரிமலைக் குழம்பு ஆறாக ஓடுகிறது. ஆயிரம் தூண் மண்டபம், தங்கச் சிம்மாசனம் எல்லாம் இருக்கின்றன. ஆட வந்தவர்கள் பத்து நிமிடம் பார்த்துவிட்டு "சரி, அடுத்தது எங்கே?" என்கிறார்கள். என்ன குறை? (தெஹிவளை)

காற்று, தம்பி. உங்கள் நகரத்தில் உலை எரிகிறது, அடுப்பு எரிகிறது, ஆயிரக்கணக்கானோர் மூச்சு விடுகிறார்கள். நல்ல காற்று எந்த வழியால் வருகிறது, புகை எந்த வழியால் போகிறது? இந்த இரண்டையும் வரைபடத்தில் கோடாகப் போடுங்கள். நகரம் அங்கிருந்துதான் பிறக்கும்.

என் முதல் தலைநகரத்திலும் இது இருக்கவில்லை. மூன்றாவது வாரம், கொல்லனாக ஆடிய ஒரு பையன் "அக்கா, இந்தப் புகை எல்லாம் எங்கே போகுது?" என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை. அன்றிரவு முழுக்க இருந்து வரைபடத்தைத் திரும்ப வரைந்தேன். அடுத்த எட்டு மாத ஆட்டம் அந்த ஒரு கேள்வியில் ஓடியது.

பழைய நிலக்கரிச் சுரங்கங்களில் இரண்டு குழிகள் வெட்டி, ஒன்றின் அடியில் தீ மூட்டி வைப்பார்கள். சூடான காற்று அந்தக் குழியால் மேலே ஏறும். அதன் இடத்தை நிரப்ப மற்றக் குழியால் புதுக் காற்று இறங்கும். இதை உங்கள் நகரத்துக்குள் கொண்டு வாருங்கள். நடுவிலுள்ள பெரிய உலை ஆயுதம் அடிக்க மட்டும் எரியவில்லை, நகரத்துக்கே அதுதான் நுரையீரல். அது அணைந்தால் ஊர் மூச்சடைக்கும். அந்தத் தீயை ஏன் தெய்வமாகக் கும்பிடுகிறார்கள், உலைக் காவலருக்கு ஏன் அரசனே எழுந்து நிற்கிறான் என்பதெல்லாம் அப்போது தானாகப் புரியும். புதுக் காற்று இறங்கும் குழிக்குப் பக்கத்தில் பணக்காரர் வீடுகள் இருக்கும். புகை போகும் பாதையில் யார் குடியிருப்பார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை.

உண்மையில் மனிதர் இப்படி வாழ்ந்திருக்கிறார்கள். துருக்கியின் கப்படோக்கியாவில் டெரின்குயு என்ற நிலத்தடி நகரம் சுமார் 85 மீற்றர் ஆழம் போகிறது. கால்நடைகளோடு 20,000 பேர் வரை ஒளிந்திருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். காற்றுக் குழிகள், கிணறுகள், தொழுவங்கள், உள்ளிருந்து உருட்டி மூடும் வட்டக் கல் கதவுகள் எல்லாம் அங்கே இருக்கின்றன. ட்வார்ஃப் நகரம் வரைய விரும்பும் ஒருவர் முதலில் பார்க்க வேண்டியது அதன் குறுக்குவெட்டுப் படத்தைத்தான்.

துருத்தி ஊதாமல் உலை எரியுமா? காற்றால் ஓடும் உலை என்று வைத்தேன், நண்பர்கள் நம்பவில்லை. (கொட்டாஞ்சேனை, உயர்தர மாணவன்)

எரியும். அதற்கு நம் நாடே சாட்சி. மத்திய மலைநாட்டின் தெற்கு விளிம்பில், சமனலவெவப் பகுதியில், மேற்கே பார்த்த சரிவுகளில் பழைய இரும்பு உலைகளின் எச்சங்கள் வரிசையாகக் கிடைத்தன. கில் ஜூலெஃப் என்ற தொல்லியலாளர் அவற்றை ஆராய்ந்து, அதே மாதிரி உலையைக் கட்டி, தென்மேற்குப் பருவக்காற்றை மட்டும் வைத்து இரும்பை உருக்கிக் காட்டினார். 1996இல் அந்த ஆய்வு வெளியானது. கி.பி. 7ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரை அங்கே இந்த வேலை நடந்திருக்கிறது.

சூட்சுமம் அழகானது. காற்று உலையின் முன்சுவரைத் தாண்டி மேலால் பாயும்போது சுவருக்கு அப்பால் அழுத்தம் குறைகிறது. அந்தக் குறைவு, சுவரின் அடியில் பதித்த குழாய்கள் வழியாகக் காற்றை உள்ளே இழுக்கிறது. ஆகவே உங்கள் கொல்லர்கள் மலையின் காற்றுப் பக்கத்தைக் குடைந்து உலை வரிசை வைக்கலாம். அப்புறம், காற்று வீசும் மாதங்களில் மட்டுமே இரும்பு உருக்குவது. மற்ற மாதங்களில் கரி சுடுவது, தாது பொறுக்குவது, சண்டைக்குப் போவது. ஆட்டத்துக்கு ஒரு நாட்காட்டியே கிடைத்துவிட்டது. நண்பர்களிடம் காட்டுங்கள்.

ட்வார்ஃப்கள் காளான் மட்டும் சாப்பிட்டு வாழலாமா? (வத்தளை)

முடியாது. 100 கிராம் காளானில் சுமார் 30 கலோரிதான். ஒரு நாள் வயிறு நிரம்ப ஆளுக்கு ஆறேழு கிலோ வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல் இன்னொன்று: காளான் வெறும் இருட்டில் உணவைப் படைப்பதில்லை, வைக்கோல், மரத்தூள், சாணம் என்று எதையாவது தின்றுதான் வளரும். அவை வெயில் படும் நிலத்திலிருந்துதான் வர வேண்டும்.

கணக்குப் போடுவோம். 20,000 பேர், ஆளுக்கு அரைக் கிலோ தானியம் என்றால் நாளொன்றுக்கு 10 தொன். விடியற்காலையில் புறக்கோட்டையில் மூட்டை இறக்குவதைப் பார்த்தவர்களுக்கு அதன் பாரம் தெரியும். அதனால் உங்கள் தலைநகரம் மேலேயுள்ள விவசாயிகளை நம்பித்தான் இருக்கிறது. அவர்கள் மனிதரா, வேறு இனமா, கூலி ஒழுங்காகக் கிடைக்கிறதா? இதைத் தீர்மானித்துவிட்டால் முற்றுகைப் போருக்கும் பஞ்சத்துக்கும் காரணம் தேட வேண்டியதில்லை.

எவ்வளவு ஆழத்தில் கட்டலாம்? (கல்கிசை)

கீழே போகப் போகச் சூடு ஏறும். கிலோமீற்றருக்கு 25 முதல் 30 பாகை செல்சியஸ் என்பது பொதுவான கணக்கு. கொழும்புக்குக் கீழே அரைக் கிலோமீற்றர் போனால் பாறை 40 பாகையைத் தொடும். பனிமலை என்றால் அதே ஆழம் இதமாக இருக்கும். தென்னாபிரிக்காவின் ம்பொனெங் தங்கச் சுரங்கம் கிட்டத்தட்ட 4 கிலோமீற்றர் ஆழமானது. பாறை 60 பாகையைத் தாண்டுகிறது, பனிக்கட்டிக் கூழை இறக்கித்தான் குளிர்விக்கிறார்கள். ட்வார்ஃப்கள் பனிமலையைத் தேடிப் போனதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டாம்.

ட்வார்ஃபுக்கு இருட்டில் கண் தெரியுமே, பிறகு நகரத்தில் விளக்கு எதற்கு? (பம்பலப்பிட்டி)

விதியை முழுதாக வாசியுங்கள். டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) ஆட்டத்தின் 2014 பதிப்பில் அந்தப் பார்வை 60 அடி வரைதான். முழு இருட்டில் நிறம் தெரியாது, சாம்பல் சாயல்கள் மட்டுமே. அப்படியென்றால் மாணிக்கத்தையும் நீலக்கல்லையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது? இரத்தினபுரியில் கல் பார்ப்பவர்கள் அதைப் பகல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பது சும்மா இல்லை. உங்கள் இரத்தினச் சந்தையைக் காற்றுக் குழியின் நேர் கீழே வையுங்கள். நண்பகலில் வெயில் தரையைத் தொடும் அந்த ஒரு மணி நேரம்தான் வியாபாரம். எனக்கு மிகவும் பிடித்த காட்சி இது. என் நகரத்தில் அதற்காகவே மணி அடிப்பார்கள்.

கணினி விளையாட்டுகளில் எந்த நகரத்தை முன்மாதிரியாக எடுக்கலாம்? அதோடு, தமிழில் ஆடும்போது இவர்களை எப்படி அழைப்பது? (மட்டக்குளி)

இரண்டைச் சொல்வேன். 2004இல் வந்த வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்டின் அயர்ன்ஃபோர்ஜில் நடுவில் மாபெரும் உலை, அதைச் சுற்றி வளையமாகப் பேட்டைகள். எங்கே நின்றாலும் வழி தவறாது. வரைபடத்துக்கு அதைப் பாருங்கள்.

சமூகத்துக்கு 2009இல் வந்த ட்ராகன் ஏஜ்: ஒரிஜின்ஸின் ஓர்சமார். மேல் தட்டில் பிரபுக்கள், நடுவில் கடைத்தெரு, ஓரத்தில் சாதியற்றவர்களின் தூசிச் சேரி. மகனுக்குத் தகப்பனின் சாதி, மகளுக்குத் தாயின் சாதி. மண்ணுக்கு மேலே போனவர் சாதியை இழப்பார். ஆழமான எழுத்து அது. ஆனால் நம் மேசையில் ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது. சாதி நமக்குக் கற்பனை உலகத்துச் சரக்கல்ல. உங்கள் எதிரே உட்கார்ந்திருப்பவர் அதைப் பட்டிருக்கலாம். முதல் நாளே எல்லோரிடமும் கேளுங்கள். ஒருவர் வேண்டாம் என்றாலும் விட்டுவிடுங்கள். நான் அதற்குப் பதிலாகக் குழி உரிமையை வைத்தேன்: எந்தக் குடும்பம் எந்தக் காற்றுக் குழியை வெட்டியதோ, அதற்கு அந்தக் குழியின் வரி. அநியாயத்தைக் காட்ட அதுவே போதும்.

பெயருக்கு "குள்ளர்" வேண்டாம், கேலியாக ஒலிக்கிறது. பழந்தமிழில் குறள் என்றால் குறுகியது. வாமனனையும் குறளன் என்பார்கள். "குறளர்" என்று அழைத்துப் பாருங்கள். என் மேசையில் இப்போது அதுதான் வழக்கு.

பெரிய வாசலை உடைக்காமல் எதிரி உள்ளே வர வழி உண்டா? அடுத்த ஞாயிறு ஆட்டத்துக்கு ஏதாவது தாருங்கள். (தெமட்டகொட)

உண்டு. எந்தச் சுரங்கத்திலும் நீர் ஊறும். அதை வெளியேற்றப் பள்ளத்தாக்கை நோக்கிச் சரிவாக ஒரு வடிகால் குடைவார்கள். அதை நிரந்தரமாக அடைக்க முடியாது, அடைத்தால் கீழ்த்தளங்கள் மூழ்கும். எதிரி அதற்குள் ஊர்ந்து வரலாம். அல்லது வெளியே இருந்து அதை அணைகட்டிவிட்டுப் பேசாமல் காத்திருக்கலாம்.

ஆட்டத்தை இப்படித் தொடங்குங்கள். கீழ்த்தளத்தில் விளக்குகள் ஒவ்வொன்றாக மங்கி அணைகின்றன: கெட்ட காற்று தேங்கிவிட்டது. இன்னொரு சுரங்கத்தில் சுடரின் மேல் நீலத் தொப்பி மாதிரி ஒன்று தெரிகிறது: அங்கே எரிவாயு கசிகிறது, இன்னும் சேர்ந்தால் அந்தச் சுடரே போதும், வெடிக்கும். போலந்தின் வியெலிச்கா உப்புச் சுரங்கத்தில் இந்த வாயுவை எரித்துத் தீர்க்கவே ஆட்கள் இருந்தார்கள். நீண்ட கழியின் நுனியில் தீயைக் கட்டிக்கொண்டு, நனைத்த உடையோடு தரையோடு தரையாக ஊர்ந்து போவார்கள். அந்த வேலை செய்யும் ஒரு கிழக் குறளரைக் கதைக்குள் விடுங்கள். வடிகால் அடைபட்டதை முதலில் கண்டவர் அவர்தான். மேல் தட்டில் யாரும் அவரை நம்பவில்லை. உங்கள் ஆட்டக்காரர்களிடம் ஈர உடையையும் கழியையும் நீட்டி, "யார் முன்னால் போகிறீர்கள்?" என்று அவர் கேட்கட்டும்.