சித்தப்பாவின் கால்

அன்புள்ள சார்,

என் சித்தப்பாவுக்கு 61 வயது. முப்பது வருடமாக மனச்சிதைவு நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறார். கல்யாணம் ஆகவில்லை, எங்களோடுதான் இருக்கிறார். சுகரும் உண்டு. இரண்டு மாதமாக இடது காலில் ஆறாத புண், இப்போது விரல்கள் கறுத்துவிட்டன. முழங்காலுக்குக் கீழே எடுத்தால்தான் உயிருக்கு உத்தரவாதம் என்கிறார் சர்ஜன். சித்தப்பா, "செத்தாலும் காலோட சாவேன்" என்கிறார். "அவர் மனநோயாளி, அவர் பேச்சை எடுத்துக்கொள்ள முடியாது, நீங்கள் கையெழுத்துப் போடுங்கள்" என்றார் டாக்டர். அம்மாவும் போடச் சொல்கிறாள். தூக்க மருந்து கொடுத்துக் கூட்டிப்போய்விடலாம் என்பது மாமாவின் யோசனை. அவர் நல்லதுக்குத்தானே? ஆனாலும் கையெழுத்துப் போட மனசு வரவில்லை. என்ன செய்ய? (பெயர் வேண்டாம்.)

*

அன்புள்ள நண்பருக்கு,

நான் டாக்டரும் இல்லை, வக்கீலும் இல்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் ஒன்று உறுத்தியது. அதில் சித்தப்பா பேசுவது மூன்றே வார்த்தை. மற்றதெல்லாம் சர்ஜன், அம்மா, மாமா.

இதே கால் பிரச்சினை இங்கிலாந்தில் ஒரு முறை நீதிமன்றம் வரை போனது. 1993. பிராட்மூர் என்பது குற்றம் செய்த மனநோயாளிகளை வைத்திருக்கும் மருத்துவமனை. அங்கே 68 வயதுக்காரர் ஒருவர். தீர்ப்பில் அவர் பெயர் வெறும் 'சி'. மனச்சிதைவு நோய். தான் உலகம் முழுக்கப் புகழ்பெற்ற டாக்டர், தன் கையில் ஒரு நோயாளிகூடச் செத்ததில்லை என்று நம்புகிறவர். பாதம் அழுகத் தொடங்கியது. காலை எடுக்காவிட்டால் பிழைக்க 15 சதவீதம்தான் வாய்ப்பு என்றார் சர்ஜன். சி மறுத்தார். புண்ணைச் சுத்தம் செய்ய மட்டும் சம்மதித்தார். அந்த ஆபத்து எப்படியோ தாண்டியது. ஆனால் இனிமேலும் காலைத் தொட மாட்டோம் என்று உறுதி தர மருத்துவமனை தயாராக இல்லை. சி கோர்ட்டுக்குப் போனார், ஜெயித்தார். அவர் எழுதிக் கொடுக்காமல் காலை எடுக்கக் கூடாது என்று உத்தரவு.

நீதிபதி தார்ப், அவருக்கு மனநோய் இல்லை என்று சொல்லவில்லை. அவர் கேட்டது வேறு: இந்தக் காலைப் பற்றிச் சொன்னது இவருக்குப் புரிந்ததா, நம்பினாரா, இரண்டு பக்கமும் எடைபோட்டுப் பார்த்தாரா? சி தான் சாகலாம் என்பதை ஒத்துக்கொண்டார். தான் பெரிய டாக்டர் என்பது பொய் நம்பிக்கைதான். ஆனால் கால் பற்றிய முடிவு அதிலிருந்து முளைத்ததாக நீதிபதிக்குத் தெரியவில்லை.

இதைப் படித்துவிட்டு "அப்போ சித்தப்பாவை விட்டுவிடலாம்" என்று கிளம்பிவிடாதீர்கள். சித்தப்பாவின் மறுப்பு எங்கிருந்து வருகிறது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. வெட்டிய காலை யாரோ எடுத்துப்போய்ச் சூனியம் வைப்பார்கள் என்று பயந்தால் அது ஒரு கதை. ஒற்றைக் காலோடு கக்கூஸுக்குக்கூட அண்ணன் மகனைக் கூப்பிட வேண்டுமே என்று நினைத்தால் அது முற்றிலும் வேறு கதை. இரண்டாவது பயம் எனக்கும் உண்டு, என்னை யாரும் பைத்தியம் என்பதில்லை.

சரி, சூனியம்தான் காரணம் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதாவது கையெழுத்துப் போட்டுவிடலாமா? 2015இல் அதே நாட்டில் இன்னொரு கால். 73 வயது, சுகர், பல வருட மனநோய். தேவதைகளின் குரல் கேட்கிறது, சொர்க்கத்துக்குப் போவதாகச் சொல்லியிருக்கின்றன என்கிறார். காலை எடுக்காவிட்டால் சில நாளில் சாவு. நீதிபதி பீட்டர் ஜாக்சன் ஆஸ்பத்திரிக்கே போய் அவர் படுக்கை அருகில் உட்கார்ந்து பேசினார். அப்புறம் எழுதிய தீர்ப்பில், இவருக்கு இந்த முடிவை எடுக்கும் திறன் இல்லை என்று ஒத்துக்கொண்டார். ஆனாலும் வலுக்கட்டாயமாகக் காலை எடுப்பது இவருக்கு நல்லதல்ல என்றார். இத்தனை வருடம் கூட இருந்த குரல்கள் இப்போது அந்த மனிதரின் ஒரு பகுதி, நோய் என்று தனியே பிய்த்து ஒதுக்கிவிட முடியாது என்பது அவர் வாதம். எனக்கு முதல் தீர்ப்பைவிட இது முக்கியமாகப் படுகிறது. திறன் இல்லை என்று முடிவானவரிடமும் போய் உட்கார்ந்து கேட்க வேண்டியிருக்கிறது.

நம் ஊர் விஷயத்துக்கு வருகிறேன். மனநோய் இருக்கிறது என்பதாலேயே ஒருவரைச் சித்தசுவாதீனம் இல்லாதவர் என்று கொள்ளக் கூடாது, அதைக் கோர்ட்தான் சொல்ல வேண்டும் என்கிறது 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம். ஒருவர் எடுக்கும் முடிவு மற்றவர்களுக்குத் தப்பாகத் தெரிகிறது என்பதால் மட்டும் அவருக்குத் திறன் இல்லை என்று ஆகிவிடாது என்றும் அதில் இருக்கிறது. அந்தச் சட்டம் மனநல சிகிச்சைக்கானது, கால் ஆபரேஷனுக்கு அல்ல. ஆனால் மனநோய் மாத்திரையையே மறுக்க உரிமை உள்ளவருக்குத் தன் கால் மேல் உரிமை இல்லை என்று எந்த வாயால் சொல்வது? சொந்தக்காரர் கையெழுத்துக்கும் நாம் நினைக்கிற பலம் கிடையாது. மயக்கத்தில் இருந்த ஒரு பெண்ணுக்கு, அவசரம் ஏதும் இல்லாதபோது, தாயிடம் சம்மதம் வாங்கிக் கர்ப்பப்பையை எடுத்தது செல்லாது என்று 2008இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பெற்ற தாய்க்கே அவ்வளவுதான்.

"அவர்கள் நல்லதுக்குத்தான்" என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு 1994 ஞாபகம் வரும். மகாராஷ்டிரத்தில் ஷிரூர் அரசு இல்லத்தில் இருந்த அறிவுவளர்ச்சி குறைந்த பெண்களுக்குப் புனேயில் கர்ப்பப்பையை எடுத்தார்கள். மாதவிலக்கைப் பார்த்துக்கொள்ளத் தெரியாதாம். யாருக்கு நல்லது என்று நீங்களே யோசியுங்கள்.

மாமாவின் தூக்க மருந்து யோசனை வேண்டவே வேண்டாம். என் பெரியம்மா மாத்திரை சாப்பிட மறுத்தபோது பொடித்துத் தயிர்சாதத்தில் கலந்து கொடுத்தோம். மூன்று மாதம் நன்றாகத்தான் போனது. ஒருநாள் கசப்பு தட்டுப்பட்டுவிட்டது. அதன் பிறகு எங்கள் வீட்டுச் சாப்பாட்டை அவள் தொடவே இல்லை. கடையில் வாங்கிய பன், அதுவும் பாக்கெட் பிரிக்காமல் கொடுத்தால்தான். உணவில் விஷம் வைக்கிறார்கள் என்பது அவளுடைய பழைய நோய்க் கற்பனை. அதை நாங்களே உண்மையாக்கிக் கொடுத்தோம்.

முதலில் சித்தப்பாவுக்குக் காய்ச்சல் இருக்கிறதா பாருங்கள். புண்ணின் கிருமி ரத்தத்தில் ஏறினால் மனநோயே இல்லாதவருக்கும் புத்தி தடுமாறும். அந்த நேரத்தில் கேட்டு வாங்கிய 'வேண்டாம்' கணக்கில் வராது, 'சரி'யும் வராது. அப்படி இருந்தால் இன்றே ஆஸ்பத்திரியில் சேருங்கள். காய்ச்சல் இல்லாவிட்டாலும் நாளைக் கடத்த வேண்டாம். காலுக்கு ரத்த ஓட்டம் எவ்வளவு என்று ரத்தநாள சர்ஜன் ஒருவர் பார்க்கட்டும், விரலோடு நிறுத்த வழியுண்டா என்று கேளுங்கள். இவரை வழக்கமாகப் பார்க்கும் மனநல டாக்டரைக் கூப்பிட்டு, இந்த ஒரு முடிவுக்கு இவருக்குத் திறன் இருக்கிறதா என்று எழுதித் தரச் சொல்லுங்கள். சித்தப்பா காலையில் தெளிவாக இருப்பாரா, சாயங்காலமா என்பது உங்களுக்குத்தான் தெரியும். அந்த நேரத்தில், அம்மாவும் மாமாவும் இல்லாமல், டீ வாங்கிக் கொடுத்து உட்காருங்கள். கால் போனால் எதற்குக் கஷ்டம் என்று நினைக்கிறார் என்று கேளுங்கள். செயற்கைக் கால் என்று ஒன்று இருப்பது அவருக்குத் தெரியுமா? யாராவது சொன்னார்களா?

அவர் என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள். இந்த முறை மூன்று வார்த்தைக்கு மேல்.