பல் மருத்துவம் இரண்டாந்தரப் படிப்பா? கிளிநொச்சித் தாய் ஒருவருக்கு

அன்புள்ள அம்மா,

பல்கலைக்கழக விண்ணப்பத்தில் மருத்துவத்துக்கு அடுத்ததாகப் பல் மருத்துவத்தைப் போட மகள் விரும்புவதாகவும், "பல்லுப் பிடுங்கிற வேலைக்கோ இவ்வளவு பாடுபட்டுப் படிச்சவள்" என்று உங்கள் மனம் ஒப்பவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். அது வெறும் பல்லுப் பிடுங்கும் வேலையன்று என்பதற்கு உங்கள் வீட்டிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. முன்பற்களுக்கிடையே இடைவெளி உள்ள உங்கள் இளைய மகனின் மேலுதட்டை மெதுவாக உயர்த்திப் பாருங்கள். உதட்டையும் முரசையும் (பல் ஈறு) நடுவில் இணைக்கும் மெல்லிய சவ்வு மடிப்பொன்று தெரியும், அதுவே பிரீனம்.

அது எங்கே வந்து ஒட்டுகிறது என்பதைக் கொண்டு பிளாசெக் என்பவரும் அவருடைய சகாக்களும் 1974 இல் அதனை நான்கு வகையாகப் பிரித்தனர். முரசு தொடங்கும் எல்லையிலேயே நின்றுவிடுவது ஒன்று; உறுதியான முரசுக்குள் இறங்குவது இன்னொன்று. இவ்விரண்டும் பொதுவாகத் தொல்லை தருவதில்லை. இரு முன்பற்களுக்கிடையிலுள்ள முரசுக் கூம்புவரை நீள்வதும், அக்கூம்பையும் ஊடுருவி அண்ணப் பக்கம் செல்வதுமே கவனிக்க வேண்டியவை. உதடு அசையும்போது இவை முரசின் விளிம்பை இழுக்கலாம். தடித்த மடிப்பில் பிரஷ் பட்டு நோவதால் பிள்ளை அந்த இடத்தை மட்டும் தவிர்த்துப் பல் துலக்க, அங்கே கிருமிப்படலம் தங்கி, முரசு சிவந்து இரத்தம் கசியத் தொடங்கும்.

அதற்காக உடனே வெட்டிவிடுவதும் முறையன்று. சிறு பிள்ளைகளில் இம்மடிப்பு தாழ்ந்திருப்பது இயல்பு. தாடை வளர வளர மேலே நகரும். நிரந்தர வேட்டைப்பற்கள் முளைக்கும் 11, 12 வயதளவில் இடைவெளியும் பெரும்பாலும் தானாகவே மூடிக்கொள்ளும். உதட்டை இழுக்கும்போது கூம்பு வெளிறுகிறதா என்று பார்த்து, காத்திருப்பதா கத்தியை எடுப்பதா என்று தீர்மானிப்பதற்குத்தான் அத்தனை ஆண்டுப் படிப்பு. அதுவரை உதட்டை விரலால் உயர்த்தி, மென்மையான பிரஷினால் மடிப்பின் இரு பக்கமும் தனித்தனியே துலக்கத் தாய்க்குப் பழக்கிவிடுவதும் அந்த மருத்துவரின் பணியே. நம் வன்னிப் பிள்ளைகளுக்கு, நோவு வருமுன்னரே வாயைத் திறந்து பார்க்கும் இத்தகைய ஒருவர் மிகவும் வேண்டும்.

பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பல் மருத்துவ பீடத்தை மகள் முன்னுரிமையில் தயங்காமல் குறிப்பிடட்டும். மகளின் இசட் புள்ளியை (உயர்தரப் பரீட்சையின் தரப்படுத்திய புள்ளி) யாழ்ப்பாணத்தின் வெட்டுப்புள்ளியோடு (அனுமதிக்கான குறைந்தபட்சப் புள்ளி) ஒப்பிட்டு மனம் தளர வேண்டாம். கிளிநொச்சி மாவட்டத்துக்குரியதையே பாருங்கள். அது எட்டாவிடின், மகரகமவில் பயிற்சியளிக்கப்படும் பாடசாலைப் பற்சிகிச்சையாளர் பதவிக்கான வர்த்தமானி அறிவித்தலையும் கவனித்து வாருங்கள்.