மோலேயில் யானை பார்க்க எப்போது போகலாம், எங்கே தங்கலாம்?

வேலையாக கானா போகும் வாசகர் ஒருவர், வடக்கே இருக்கும் மோலே தேசியப் பூங்காவுக்குக் குறைந்த செலவில் போய்வர முடியுமா, விலங்குகள் கண்ணில் படுமா என்று கேட்டிருக்கிறார்.

தாராளமாகப் போகலாம். சிங்கத்தை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். அது தென்படுவது மிக அரிது. மோலேயின் பெருமை யானைதான். துப்பாக்கி ஏந்திய வனக்காவலர் முன்னே செல்ல, அவர் பின்னால் நடந்தே போய் யானையைப் பார்க்கலாம். ஜீப் வாடகைக்குக் கொடுக்கும் பணமும் மிச்சம். கோப் மான்களும் பபூன் குரங்குகளும் வழியெல்லாம் இருக்கும்.

தங்குமிடத்தைவிட மாதத்தைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும். மழைக்காலத்தில் புல் ஆளுயரம் வளர்ந்துவிடும். எங்கும் தண்ணீர் கிடைப்பதால் யானைகள் காட்டுக்குள் சிதறிவிடும். டிசம்பர், ஜனவரியில் சகாராவிலிருந்து வீசும் ஹர்மாட்டன் காற்று புழுதியால் வானத்தையே மங்கலாக்கும். பிப்ரவரி கடைசியும் மார்ச்சும்தான் என் தேர்வு. வெயில் கொளுத்தும், ஆனால் அந்த வெயில்தான் யானைகளைக் குட்டைக்கு இறங்கி வர வைக்கிறது.

அந்தக் குட்டைகளுக்கு நேர் மேலே, மலைச்சரிவின் விளிம்பில் இருக்கிறது மோலே மோட்டல். பழைய கட்டடம்தான், வசதிகளைப் பெரிதாக நினைக்க வேண்டாம். ஆனால் உட்கார்ந்த இடத்திலிருந்தே யானை குளிப்பதைப் பார்க்கலாம். அங்கேயே மலிவான அறை கேளுங்கள். ஸைனா லாட்ஜ் சொகுசு விடுதி, உங்கள் கணக்குக்கு ஒத்துவராது. ஓர் இரவை மொக்னோரி கிராமத்தில் கழித்தால் இன்னும் நல்லது: ஊர்க்காரர்கள் வீட்டில் படுக்கை, ஆற்றில் படகுப் பயணம், கொடுக்கும் காசும் அந்த ஊருக்கே.

வடக்கின் பெரிய நகரமான டமாலேயிலிருந்து வா நகருக்குப் போகும் பேருந்தில் ஏறி, பூங்காவுக்குப் பக்கத்து ஊரான லாரபாங்காவில் இறங்குங்கள். அங்குள்ள பழைய மண் மசூதியைப் பார்த்துவிட்டு மோட்டார் சைக்கிளில் பூங்காவுக்குப் போய்விடலாம். பணத்தை டமாலேயிலேயே எடுத்துக்கொள்ளுங்கள்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைக் குறைந்தது 10 நாள் முன்பே போட்டுவிடுங்கள். கானாவுக்குள் நுழையவும் அங்கிருந்து இந்தியா திரும்பவும் அந்தச் சான்றிதழ் கேட்பார்கள். மலேரியா மாத்திரைக்கு மருத்துவரைப் பாருங்கள். கருப்பு, கருநீல உடைகள் வேண்டாம், கடிக்கும் செட்சி ஈக்களை இழுக்கும். நடைக்குப் பாதத்தை மூடும் ஷூ அவசியம். அறைக் கதவைத் திறந்து வைக்காதீர்கள். பபூன் உள்ளே புகுந்து சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு போய்விடும்.