டிரமடாலோடு தூக்க மாத்திரை: மூட்டு அறுவை சிகிச்சைக்குப் பின் கவனிக்க வேண்டியவை

கேள்வி: அம்மாவுக்கு வயது 68. முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்து நேற்று வீட்டுக்கு அழைத்து வந்தோம். வலிக்கு டிரமடால் 50 மி.கி. எழுதியிருக்கிறார்கள். பல வருடங்களாக இரவில் குளோனசெபம் 0.5 மி.கி. போடுகிறார். இரண்டையும் சேர்த்துக் கொடுக்கலாமா?

பதில்: அறுவை சிகிச்சை செய்த டாக்டரிடம் கேட்காமல் சேர்க்க வேண்டாம். அவர் இன்றிரவு கிடைக்காவிட்டால், வழக்கமான குளோனசெபத்தைக் கொடுத்துவிட்டு டிரமடாலைத் தவிருங்கள். குளோனசெபத்தை நீங்களாக நிறுத்தக் கூடாது. பல வருடம் பழகிய மருந்தைத் திடீரென விட்டால் நடுக்கம், பதற்றம், வலிப்புகூட வரும். டிரமடாலும் வலிப்பைத் தூண்டக்கூடியது.

ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு கூடினால் மூளைத்தண்டு மூச்சை வேகப்படுத்தும். டிரமடால் போன்ற ஓபியாய்டுகள் (அபின் வகை வலி மருந்துகள்) அந்த உணர்வை மழுக்கிவிடும். குளோனசெபம் விழிப்பைக் குறைத்து, தொண்டைத் தசைகளையும் தளர்த்தும். இரண்டும் சேரும்போது மூச்சு அடங்கிப்போகலாம். 2016-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இந்த இரு வகை மருந்துகளுக்கும் தன் மிகக் கடுமையான எச்சரிக்கையை விதித்தது இதனால்தான். தூக்கத்தில் மூச்சுத்திணறல், சிறுநீரகக் கோளாறு இருந்தால் ஆபத்து இன்னும் அதிகம்.

தூக்க மாத்திரையை வீட்டில் யாரும் மருந்துக் கணக்கில் சேர்ப்பதில்லை. டாக்டரிடம் சொல்லவும் விட்டுப்போகிறது. எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் நரம்பு வலிக்கான பிரீகாபலின் இருக்கிறதா, சளிக்கு செட்டிரிசின் போடுகிறாரா என்றும் பாருங்கள். அவையும் மயக்கத்தைக் கூட்டும்.

கல்லீரல் கோளாறு இல்லையென்றால், பாராசிட்டமால் 650 மி.கி. 6 மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுக்கலாமா என்று கேளுங்கள். துண்டில் சுற்றிய ஐஸ் 15 நிமிடம் வையுங்கள். டாக்டர் சம்மதித்தால் டிரமடாலைப் பகலில், பிசியோதெரபிக்கு முக்கால் மணி நேரம் முன்பு, ஆள் பக்கத்தில் இருக்கும்போது கொடுப்பது நல்லது. அட்டையில் 37.5 + 325 என்றிருந்தால் அதிலேயே பாராசிட்டமால் இருக்கிறது; அதையும் கணக்கில் சேருங்கள்.

இரவில் அம்மாவை எழுப்பாமல், நெஞ்சு ஏறி இறங்குவதை முழு 60 நொடி எண்ணுங்கள். 12-க்குக் கீழே போனால் எழுப்பிப் பாருங்கள்; அடுத்த வேளை மருந்தைக் கொடுக்காமல் டாக்டரைக் கூப்பிடுங்கள். புதிதாக வரும் களகளவென்ற குறட்டையை நல்ல தூக்கம் என்று விட்டுவிடாதீர்கள். பெரும்பாலும் அங்கேதான் தவறு நடக்கிறது. தட்டி எழுப்பியும் எழவில்லை, உதடு நீலமாகிறது, மூச்சு 8-க்கும் கீழே என்றால் உடனே 108. ஆம்புலன்ஸ் வரும்வரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். வந்தவர்களிடம் இரண்டு அட்டைகளையும் கொடுங்கள்: நலோக்சோன் ஊசி ஓபியாய்டைத்தான் முறிக்கும், குளோனசெபத்தை முறிக்காது.