ஒன்லைன் போக்கரில எதிராளிக்குக் கலர் போட்டு நோட் எழுதிறதால உண்மையில பிரயோசனம் இருக்கா?

ஓம், இருக்கு. எதிராளி எப்பிடி விளையாடுறவர் எண்டு அவரின்ர பேரோட குறிப்பு எழுதி, ஒரு கலரும் போட்டு வைக்கிறதைத்தான் சொல்லுறன். ஆனால் கலரை மட்டும் நம்பி நான் ஒருக்கா நல்லா வாங்கிக் கட்டினனான், அதாலதான் மினக்கெட்டு இதுக்குப் பதில் எழுதிறன். கேட்ட விதத்தைப் பார்த்தால் நீங்களும் இப்பதான் சிவப்பு, பச்சை எண்டு போடத் தொடங்கியிருக்கிறியள் போல.

முதலே சொல்லிப்போட்டன், நான் ஆரையும் காசு வைச்சு விளையாடச் சொல்லேல்லை. நான் இருக்கிறது 1 சதம் 2 சதம் மேசை (ஒவ்வொரு தரமும் ரெண்டு பேர் முதலே கட்டாயம் வைக்கிற காசு அது), இருக்க 2 டொலர் போதும், மாதம் 10 டொலருக்கு மேல போறேல்லை. நோட் எழுதிறது களவு எண்டும் சிலர் வருவினம். நோட் எழுதிற பெட்டியை மேசையிலயே வைச்சுத் தந்திருக்கிறாங்கள், கண்ணால கண்டதை எழுதி வைக்கிறது எப்பிடிக் களவாகும்?

நடந்தது இதுதான். ஒரு ஆளுக்கு நான் சிவப்புப் போட்டு "விசரன், எதுக்கும் அடிப்பான்" எண்டு எழுதி வைச்சிருந்தன். ஒரு மாதத்துக்குப் பிறகு அதே ஆள் மேசையில. என்ர கையில ஏஸ், குயின். நடுவில எல்லாருக்கும் பொதுவா விரிச்ச மூண்டு சீட்டு குயின், ஏழு, ரெண்டு. நான் பெட் பண்ண அவர் ரெய்ஸ் (காசைக் கூட்டினார்), நான் திரும்ப ரெய்ஸ், அவர் ஓல் இன் (இருந்த காசு முழுக்க வைச்சார்). வேற ஆளெண்டால் யோசிச்சிருப்பன், சிவப்பைக் கண்ட உடன கோல் பண்ணி, அதுக்குச் சமனா நானும் வைச்சுப்போட்டன். அவர் சோடி ஏழு காட்டினார், விரிச்சதோட மூண்டு ஏழு. 2 டொலர்தானே எண்டு நீங்கள் சொல்லலாம், எனக்கு அண்டைக்கு நித்திரை வரேல்லை.

பழைய கையெல்லாம் (ஒருக்காச் சீட்டுப் போட்டு விளையாடுறது ஒரு கை) தேடி எடுத்துப் பார்த்தன். சிவப்புப் போட்ட இரவு நான் அவரைக் கண்டது வெறும் 11 கை, அதில 6 தரம் ரெய்ஸ் பண்ணியிருக்கிறார், ஒருக்காக்கூடச் சீட்டுக் காட்டேல்லை. 6 பேர் மேசையில 11 கை எண்டது ரெண்டு சுற்றுக்கூட இல்லை. சோடி ஏஸ் சராசரியா 221 கைக்கு ஒருக்கா வரும், ஆனால் அடுத்தடுத்து ரெண்டு தரமும் வரலாம். மனுசனுக்கு அண்டைக்குச் சீட்டு வந்திருக்கு, நான் அவரை விசரன் ஆக்கிப்போட்டன்.

எங்கட வீட்டு விறாந்தையில 304 எண்ட சீட்டு விளையாட்டு அடிக்கேக்க இந்தப் பிரச்சினை வாறேல்லை. சித்தப்பா ஜாக்கும் ஒன்பதும் (அதில பெரிய சீட்டு ரெண்டும்) கையில இல்லாமல் ஏலம் கேட்கமாட்டார் எண்டு எல்லாருக்கும் தெரியும், ஏனெண்டால் இருபது வருசமா அவரோட இருந்து விளையாடுறம். முகம் தெரியாத ஆளுக்கு அந்த இருபது வருசத்தை ஒரு கலரால நிரப்பேலாது.

இப்ப நான் குணத்தை எழுதிறேல்லை, கண்டதை மட்டும் எழுதிறன். "பட்டனில இருந்து கிங் ஒன்பது ரெய்ஸ். கடைசிச் சீட்டில ஒண்டுமில்லாமல் பொட் அளவுக்கு அடிச்சவர், கோல் பண்ணக் காட்டினார். மே மாதம், 2 சதம் மேசை." இவ்வளவுதான் (பட்டன் எண்டது சீட்டுப் போடுறவரின்ர இடம், பொட் எண்டது நடுவில சேர்ந்த காசு). மாதம் கட்டாயம் போடுங்கோ, ஆக்கள் மாறுவினம், படிச்சும் வருவினம். கலர் 100 கை கண்ட பிறகுதான். பச்சை மட்டும் கொஞ்சம் முந்தியும் போடலாம், சின்னச் சோடியை வைச்சுக்கொண்டு கடைசிவரைக்கும் கோல் பண்ணுற ஆள் ரெண்டு மூண்டு தரம் சீட்டுக் காட்டினாலே பிடிபட்டிடுவார், அவரிட்ட புளஃப் (சீட்டில்லாமல் ஏய்ச்சு) அடிக்கக் கூடாது. பேர் மறைக்கிற மேசையில இதெல்லாம் சரிவராது. பார்ட்டிபோக்கர் எண்ட தளம் 2019இல எல்லாரையும் பேர் மாத்தப் பண்ணினது, அங்க சேர்த்த நோட் எல்லாம் ஒரே நாளில வீண்.

என்ர நோட் போனது வேற விதமா. ரவுணில ஒரு கடையில கொம்பியூட்டர் திருத்தக் குடுத்தன், ஒரு வார்த்தை கேட்காமல் பார்மட் பண்ணிப்போட்டான். நோட் பைல் அதுக்குள்ளதான் கிடந்தது. அது போனால் போகட்டும், தங்கச்சியின்ர கலியாண வீட்டுப் படம் முழுக்க அதோட போச்சு, அம்மம்மா கடைசியா எங்களோட நிண்டு எடுத்த படமும் அதுக்குள்ள. கேட்டால் "நீங்கள் சொல்லேல்லையே அண்ணை" எண்டுறான். திருத்தக் குடுத்தவன் அழிக்காதேயெண்டு வேற தனியாச் சொல்லோணுமா?